ஓரம் வெட்டாத பைண்டிங்: ஜங்ஷன் சந்துக் கடை பற்றி

மார்ச் பிறந்துவிட்டால் எனக்கு வரும் போன்களில் பாதிக்கு ஒரே கேள்விதான். "மேடம், தீசிஸ் பைண்டிங் எங்க குடுக்கலாம்?" நான் ஓய்வுபெற்று ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. முப்பது வருடம் விலங்கியல் சொல்லிக்கொடுத்தேன். அதில் யாருக்கும் இப்போது சந்தேகம் வருவதில்லை, பைண்டிங்கில்தான் வருகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

அவசரக்காரர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாளை மறுநாள் கொடுக்கவேண்டும் என்று ஓடுகிறவர்களுக்கு இந்தக் கடை ஆகாது. பாளையங்கோட்டையில் கல்லூரிகளுக்கு எதிரே வரிசையாக இருக்கிற ஜெராக்ஸ் கடைகளில் இரண்டு மணி நேரத்தில் சூடான பசை ஊற்றி ஒட்டித் தந்துவிடுவார்கள். வைவா என்கிற வாய்மொழித் தேர்வு முடிகிறவரை தாங்கும். ஐந்து வருடம் கழித்து நடுவில் விரித்தால் சீட்டுக்கட்டு மாதிரி தாள் தாளாகக் கையோடு வந்துவிடும். அப்படிப் பல் உதிர்ந்த ஆய்வேடுகள் எங்கள் துறை நூலகத்தில் ஒரு அலமாரி நிறைய உண்டு.

நான் சொல்லும் கடை திருநெல்வேலி ஜங்ஷனில், ஈரடுக்குப் பாலத்திலிருந்து நடந்துபோகிற தூரத்தில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. வாசனையை வைத்துக் கண்டுபிடிக்கலாம். மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலந்த பசையின் வாசனை. பத்துக்குப் பன்னிரண்டு அறை ஒன்று, மேலே ஒரு பரண், சக்கரம் வைத்த பழைய கட்டிங் மெஷின், இரும்பு பிரஸ், பித்தளை எழுத்துகள் கிடக்கும் மரப்பெட்டிகள். அண்ணாச்சிக்கு அறுபத்தைந்து இருக்கும். கூட ஒரு பையன்.

வேலை கைத்தையல்தான். தாள்களைத் தட்டி அடுக்கி, முதுகோரமாக அரை அங்குலம் உள்ளே தள்ளித் துளை போட்டு, மெழுகு தடவிய நூலால் தைக்கிறார். முதுகில் காடாத்துணி ஒட்டி, போர்டு வைத்து, ரெக்ஸின் போர்த்தி, ஒரு ராத்திரி முழுக்க பிரஸ்ஸில் நெருக்கி வைத்துவிடுவார். இதனால்தான் இடதுபக்கம் ஒன்றரை அங்குலம் மார்ஜின் விடச் சொல்வது. எத்தனை முறை சொன்னாலும் பிள்ளைகள் ஒரு அங்குலம்தான் விட்டுக்கொண்டு வருவார்கள். அப்புறம் வரியின் முதல் எழுத்து தையலுக்குள் போய்விடும்.

நான் கொடுத்தபோது, தங்க எழுத்தோடு ஒரு பிரதிக்கு 380 ரூபாய். பழைய நோட்டுகள் என்றால் ஒன்றுக்கு 120. பில் கிடையாது. ஜிபே அட்டை ஒட்டியிருக்கிறது, ஆனால் அது கோயம்புத்தூரில் இருக்கும் மகனுடைய எண். பணம் வந்ததா என்று மகனுக்குப் போன் போட்டு, மகன் எடுத்து, பார்த்துச் சொல்கிறவரை நாம் நிற்கவேண்டும். காசாகக் கொண்டு போய்விடுங்கள். இன்னொன்று, அவர் "நாளன்னிக்கு" என்றால் அதற்கு ஒரு வாரம் என்று பொருள். "பத்து நாள்" என்று எனக்குச் சொன்னார். பத்து வாரம் ஆனது. அதற்கு அவர் மட்டும் காரணம் இல்லை, பின்னால் சொல்கிறேன்.

2023 நவம்பரில் நான் அவரிடம் இரண்டு மூட்டை கொண்டுபோனேன். ஒன்றில் ஒரு ஆய்வேட்டின் நாலரை அதிகாரம், ஐந்து படிகள். இன்னொன்றில் பதினொரு நோட்டுகள். எழுதியவன் அந்த ஆகஸ்டில் இறந்துபோனான். வயது இருபத்தொன்பது. காய்ச்சல் என்று படுத்தான், பதினோராம் நாள் இல்லை. அதைப்பற்றி இதற்குமேல் எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

கூந்தன்குளத்துக்குப் பக்கத்து ஊர்ப் பிள்ளை. அப்பா வாழைத்தோட்டங்களில் கூலி வேலை, அம்மா பீடி சுற்றுகிறவர், ஒரு தங்கை. வீட்டிலிருந்து பி.எஸ்சி. வாங்கிய முதல் ஆள். 2019-ல் என்னிடம் பிஎச்.டி.க்கு வந்தபோது "என்ன தலைப்பு யோசிச்சிருக்க?" என்று கேட்டேன். எல்லாரும் மீன், மண்புழு, கொசு என்று எதையாவது சொல்வார்கள். இவன் "எங்க ஊர்ப் பக்கம் நாரை கூடு கட்டும் மேடம். சின்னப் புள்ளையிலேர்ந்து எண்ணிட்டு இருக்கேன். அதையே எண்ணலாமா?" என்றான்.

கூந்தன்குளத்தைத் தெரியாதவர்களுக்காக ரெண்டு வரி. திருநெல்வேலியிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழியாகப் போகவேண்டும். 1994-லிருந்து பறவைகள் சரணாலயம். வர்ண நாரையும் கூழைக்கடாவும் குளத்துக் கருவேல மரங்களில் மட்டுமில்லாமல் ஊருக்குள் வீட்டு வாசல் வேம்பிலும் புளியிலும்கூடக் கூடு கட்டும். எச்சம் தலையில் விழும், மீன் வாடை வீட்டுக்குள் வரும். ஊர்க்காரர்கள் விரட்டமாட்டார்கள். தீபாவளிக்கு வெடி போடமாட்டார்கள். எச்சம் கரைந்த குளத்துத் தண்ணீரும் வண்டலும் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். குளிர்காலத்தில் இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்துகூட வந்து இறங்கும்.

2022 ஆகஸ்டில் கூந்தன்குளம் ராம்சார் பட்டியலில் சேர்ந்த செய்தி வந்த அன்று துறைக்கு ஓடிவந்தான். "நம்ம குளம் ராம்சார் ஆயிட்டு மேடம்!" அடுத்த மூச்சில், "ஊர்ல சொன்னேன். ராம் சார்னா யாரு, புது கலெக்டரான்னு கேக்காவ." ஈரானில் 1971-ல் சதுப்புநில ஒப்பந்தம் கையெழுத்தான ஊரின் பெயர் அது என்று டீக்கடையில் உட்கார்ந்து விளக்கியிருக்கிறான். கேட்டவர் முழுவதும் கேட்டுவிட்டு, "சரிடே, அந்த சார் வந்தா மடையை ரிப்பேர் பாக்கச் சொல்லு" என்றாராம்.

அவன் வேலையை நான் பாராட்டி எழுதுவது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. களப்பணி செய்துகொண்டிருந்த என் மாணவர்கள் எல்லாரும் வீட்டில் மாட்டிக்கொண்டார்கள். இவன் வீடே களத்துக்குப் பக்கத்தில். கூடுகளில் குஞ்சு நிறைந்திருக்கும் காலம் அது. "போலீஸ் நிப்பாட்டினா என்னய்யா சொல்லுவ?" என்று போனில் கேட்டேன். "கொக்கு எண்ணப் போறேன்னா நம்பவா செய்வாவ? மாட்டுக்குப் புல்லறுக்கப் போறேன்னு அருவாளும் சாக்குமா போறேன் மேடம். வரும்போது நெஜமாவே புல்லு கொண்டாந்துருதேன், ஆட்டுக்கு ஆகும்."

நாலாவது அதிகாரம்தான் அவன் ஆய்வில் உயிரான பகுதி. சித்திரை வெயிலில் கூட்டில் கிடக்கும் குஞ்சுக்கு நிழல் கிடையாது. தாயோ தகப்பனோ கூட்டின் விளிம்பில், வெயில் வரும் பக்கம் முதுகைக் காட்டி, ரெண்டு சிறகையும் விரித்துக்கொண்டு நிற்கும். பாதி விரித்த குடை மாதிரி இருக்கும். குஞ்சு அந்த நிழலுக்குள் நகர்ந்து நகர்ந்து படுக்கும். புத்தகங்களில் ஒரு வரியாக இருக்கிற விஷயம். இவன் அதை நிமிடக் கணக்கில் எழுதினான். பதினொரு மணியிலிருந்து மூன்று மணி வரை, எந்த மரம், எந்தக் கூடு, எப்போது விரித்தது, எப்போது மடக்கியது, எப்போது மற்றது வந்து மாற்றிக்கொண்டது. நோட்டில் அந்தக் கட்டத்துக்கு அவன் வைத்த தலைப்பு "குடை". ஆய்வேட்டில் ஆங்கிலத்தில் என்னவோ நீளமாக எழுதினோம். நோட்டில் குடைதான்.

மூன்று சீசன் எண்ணி முடித்தபின், 2022 ஜூலையில், "போதும்லா மேடம், எழுத ஆரம்பிக்கட்டா?" என்று கேட்டான். நான் போதாது என்றேன். 2021 ஜனவரியில் காலம் தப்பி மழை கொட்டியது நினைவிருக்கும், தாமிரபரணியில் வெள்ளம் வந்தது. அந்த ஒரு சீசன் கணக்கு மற்ற இரண்டோடும் ஒட்டாமல் தனியாக நின்றது. மூன்றில் ஒன்று இப்படி என்றால் எது வழக்கம், எது விலக்கு என்று எதை வைத்துச் சொல்வது? இன்னொரு சீசன் எண்ணு என்றேன். ஒரு நிமிடம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் "சரி மேடம்" என்றான். 2023 ஜூன் வரை எண்ணினான். ஜூலையில் எழுதினான். ஆகஸ்டில் போய்விட்டான்.

நான் அன்றைக்கே சரி என்று சொல்லியிருந்தால் 2023 தொடக்கத்தில் கொடுத்திருப்பான். வைவா முடிந்திருக்கும். அந்தப் பட்டத்தோடு போயிருப்பான். இதை நான் எத்தனை ராத்திரி திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்திருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும். நாலாவது சீசன் தேவைதான், அதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. இன்று இன்னொரு மாணவன் அதே மூன்று சீசனோடு வந்தாலும் அதையேதான் சொல்வேன். இரண்டும் ஒரே ஆளுக்குள் இருக்கின்றன, என்ன செய்ய.

அவனோடு கடைசியாகப் பேசியதும் மார்ஜின் பற்றித்தான். மூன்றாவது அதிகாரத்தைக் கொண்டுவந்து வைத்தான். இடதுபக்கம் ஒரு அங்குலம். "ஒன்றரை" என்று சிவப்பில் எழுதித் திருப்பிக் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே வாங்கிப் போனான்.

சரி, கடைக்கு வருகிறேன்.

அண்ணாச்சி மூட்டையைப் பிரித்தார். எந்தப் பல்கலைக்கழகத்துக்கு, என்ன கலர் என்று கேட்கும் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் இல்லை அண்ணாச்சி என்று விஷயத்தைச் சொன்னேன். பையனிடம் ரேடியோவை நிறுத்தச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, "பேருக்கு முன்னால என்ன போட டீச்சர்? முனைவர்னு போடணுமா, அமரர்னு போடணுமா?"

முனைவர் போட எனக்கு உரிமை இல்லை, அவன் வாங்கவில்லை. அமரர் போட்டால் அவன் அம்மா ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் முதலில் அதைத்தான் வாசிப்பார். "வெறும் பேர் போதும். பின்னால பி.எஸ்சி., எம்.எஸ்சி.ன்னு போடுங்க, அது அவன் வாங்கினது" என்றேன். 'பட்டத்திற்காகச் சமர்ப்பிக்கப்படும்' என்ற வரிக்கு அவர் ஒரு அச்சே தயாராக வைத்திருப்பார். அது வேண்டாம், அந்த இடத்தில் 2019–2023 என்று மட்டும் என்றேன்.

உள்ளே ஆங்கிலம் என்றாலும் அட்டையில் தலைப்பைத் தமிழில் போடச் சொன்னேன். அம்மா எழுத்துக்கூட்டி வாசிப்பார். 'கூந்தன்குளத்துக் கூழைக்கடாவும் வர்ண நாரையும்'. இங்கே ஒரு சிக்கல். பித்தளை எழுத்துகளைக் கட்டையில் கோத்து, சூடாக்கி, தங்கத் தகட்டின் மேல் வைத்து அழுத்துவதுதான் அவர் முறை. அந்த அளவில் அவரிடம் இருந்த 'ழ' ஒன்றே ஒன்று, அதிலும் சுழி தேய்ந்துவிட்டது. இப்போதெல்லாம் ஆய்வேட்டு அட்டையில் தமிழ் யார் கேட்கிறார்கள். தமிழ்த்துறைப் பிள்ளைகளும் வெளியே கணினியில் அடித்து ஒட்டிக்கொள்கிறார்களாம். வேறு எழுத்து தேடி மதுரையில்கூடக் கேட்டுப்பார்த்தார். கிடைக்கவில்லை. கடைசியில் அந்தத் தேய்ந்த எழுத்தையே அழுத்திவிட்டு, விடுபட்ட சுழியை ஊசி முனையைச் சூடாக்கித் தங்கத் தகட்டின் மேல் புள்ளி புள்ளியாக வைத்து ஐந்து படிகளிலும் இழுத்திருக்கிறார். கண்ணாடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும், ஐந்து 'ழ'வும் ஐந்து விதமாக இருக்கும். எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. ஒரே மாதிரி இருந்தே ஆகவேண்டும் என்று நினைக்கிறவர்கள் கணினிக்கடைக்குப் போங்கள்.

டிசம்பர் 17. ஞாயிற்றுக்கிழமை. அந்த மழையை நம் பக்கத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி பெருகினால் நாங்கள் முதலில் கேட்பது குறுக்குத்துறை முருகன் கோயில் எவ்வளவு மூழ்கியது என்றுதான். அந்தத் தடவை அதைக் கேட்கக்கூட நேரம் இல்லை, கலெக்டர் ஆபீசுக்குள்ளேயே தண்ணீர். ஜங்ஷன், மீனாட்சிபுரம், வண்ணார்பேட்டை எல்லாம் வெள்ளம். கரண்ட் இல்லை, போன் இல்லை. எனக்கு அந்த ரெண்டு மூன்று நாளும் வீட்டைப் பற்றிய கவலையைவிட அந்தப் பதினொரு நோட்டின் கவலைதான். அதிகாரங்கள் கணினியில் இருக்கின்றன, மறுபடி அடித்துக்கொள்ளலாம். நோட்டுக்கு நகல் கிடையாது. படி எடுத்து வைக்காமல் கொண்டுபோய்க் கொடுத்தது என் தப்பு. இதைப் படிக்கிறவர்கள் அந்தத் தப்பைச் செய்யாதீர்கள்.

தண்ணீர் வடிந்தபின் போனேன். சந்து முழுக்க சேறு. கடைச் சுவரில் இடுப்பளவுக்குக் கோடு போட்ட மாதிரி தண்ணீர்த் தடம். போர்டுகள் ஊறி அப்பமாக உப்பியிருந்தன. ரெக்ஸின் சுருள்களை எதிர்வீட்டுக் கம்பியில் காயப் போட்டிருந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, சேற்றை வழித்துக்கொண்டிருந்த அண்ணாச்சி நிமிர்ந்து, "உங்க நோட்டு மேல இருக்கு டீச்சர்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. மழை விடாது என்று தெரிந்ததும் சாயங்காலம் குடையோடு வந்து திறந்திருக்கிறார். கரண்ட் இல்லாமல், செல்போன் வெளிச்சத்தில். பழைய பிளெக்ஸ் பேனரில் நோட்டுகளைச் சுற்றி, கயிறு கட்டி, பரணில் ஏற்றிவிட்டுத்தான் மற்றதைத் தொட்டாராம். இதைப் பையன் சொன்னான், அவர் சொல்லவில்லை. மற்ற பிள்ளைகளின் ஆய்வேடுகள் மூன்று நனைந்துபோயின. அவர்களிடம் பென்டிரைவ் இருந்தது, பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவருடைய போர்டும் தாளும் போன கணக்கைக் கேட்டேன். "அது கெடக்கு" என்று கையை வீசிவிட்டார்.

ஜனவரி கடைசியில் வேலை முடிந்தது. வாங்கிய அன்றே மேஜையில் வைத்து ஐந்து படிகளையும் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். மூன்றாவது படியில் 112-ஆம் பக்கம் தலைகீழ். நாரை சிறகு விரித்து நிற்கும் படம் உள்ள பக்கம். குஞ்சு மேலே, குடை கீழே. அப்படியே விட்டிருக்கலாம். அவ்வளவு செய்த மனிதரிடம் ஒரு தாளுக்காகத் திருப்பிக் கொண்டுபோவதா என்று வீட்டில் கேட்டார்கள். கொண்டுபோனேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. பிரித்து, சரிசெய்து, மறுபடி தைத்து, ஒரு வாரம் கழித்துத் தந்தார். காசு வாங்கவில்லை, ஆனால் அன்றைக்கு டீயும் சொல்லவில்லை. நான் இப்படித்தான். அவனிடமும் இப்படித்தான் இருந்தேன்.

இனி நோட்டுகள். பதினொன்றும் நாற்பது பக்கம், எண்பது பக்கம் என்று கலந்த சாதாரணப் பள்ளிக்கூட நோட்டுகள். முழுக்கப் பென்சில். ஈரத்தில் மை கலங்கிவிடும் என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தேன். பக்கங்களில் எச்சக் கறை, மீன் செதில், மூலைக்கரைப்பட்டி பஸ் டிக்கெட். ஏழாவது நோட்டில் நாலு பக்கம் வேறு கையெழுத்து. இவனுக்கு அந்த வாரம் கால் சுளுக்கு, அப்பா எண்ணியிருக்கிறார். எண்கள் மட்டும் பெரிது பெரிதாக, ஒவ்வொன்றும் ரெண்டு வரி உயரத்துக்கு.

பைண்டிங்கில் ஓரம் வெட்டுவது என்று ஒரு வேலை உண்டு. தைத்து முடித்ததும் மெஷினில் வைத்து மூன்று பக்கமும் ஒரு இழை அளவு சீவிவிடுவார்கள். அப்போதுதான் புத்தகம் மழமழவென்று இருக்கும். நோட்டுகளை வாங்கிப் பார்த்தபோது ஓரம் வெட்டாமல், ஒரு தாள் உள்ளே, ஒரு தாள் வெளியே என்று கிடந்தது. மறந்துவிட்டாரா, வெள்ளத்தில் மெஷின் கெட்டுவிட்டதா என்று நினைத்து, "ஓரம் வெட்டலியா அண்ணாச்சி?" என்றேன்.

"வெட்டினா புள்ள எழுதினது போயிருமே டீச்சர்" என்று ஒரு பக்கத்தை விரித்துக் காட்டினார். வலதுபக்கக் கடைசி விளிம்பில், தாளின் ஓரத்தை உரசிக்கொண்டு, குறுக்கி எழுதிய ரெண்டு எழுத்து. "மே.கே." அடுத்த பக்கம் இல்லை. அதற்கடுத்த பக்கம் இரண்டு இடத்தில். நாலு வருடம் அந்த நோட்டுகளை வாங்கிப் பார்த்திருக்கிறேன். கட்டத்துக்குள் இருக்கும் எண்களைக் கூட்டிச் சரிபார்த்திருக்கிறேன். ஓரத்தை நான் பார்த்ததே இல்லை. "என்ன டீச்சர் அது, மே.கே.?" என்று அவர் கேட்டார். ஏதாவது மரத்தின் குறியீடாக இருக்கும் என்று சொல்லிவைத்தேன். மேற்குக் கரை என்றுகூட யோசித்தேன். அப்படியென்றால் 'மே.க.' அல்லவா இருக்கவேண்டும்.

ஒரு படியும் நோட்டுகளும் எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். அம்மா திண்ணையில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினார். அட்டையை விரலால் தடவி, "கூ… ந்… தன்…" என்று கூட்டினார். மகன் பேர் வந்ததும் நிறுத்திக்கொண்டார். அப்புறம் நோட்டை எடுத்தார். நாள் முழுக்க அளவு வைத்து இலை நறுக்குகிற கை. ஓரத்தைத் தொட்டதும், "நறுக்காம விட்டுட்டாவளே மேடம்" என்றார். காரணத்தைச் சொல்லி, விரித்து, அந்த ரெண்டு எழுத்தைக் காட்டினேன். "மே… கே…" என்று வாசித்துவிட்டு மகளைப் பார்த்தார்.

தங்கை எட்டிப் பார்த்தவுடன் சொல்லிவிட்டாள். "மேடம் கேப்பாவ."

வீட்டில் எப்போதும் சொல்வானாம். சோறு ஆறுது வாடா என்றால், "இரும்மா, இன்னொரு தடவ எண்ணிட்டு வாறேன், மேடம் கேப்பாவ." எண்ணிக்கையில் சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் ஓரத்தில் அதைப் போட்டுவிட்டு, மறுநாள் திரும்பப் போய் எண்ணியிருக்கிறான். ஒரே ஒரு நோட்டை எடுத்து எண்ணினேன். நாற்பத்தொரு இடம். அதில் முப்பத்தெட்டில் பக்கத்திலேயே சின்னதாக டிக் அடித்திருக்கிறது. பதினொன்றாவது நோட்டில் டிக் இல்லாதவை கொஞ்சம் இருக்கின்றன. அப்பா அதைப் பார்த்துவிட்டு, எந்த மரம் என்று கேட்டார். மரம் எண் சொன்னேன். "அது எனக்குத் தெரியும்" என்றார். அந்தச் சீசன் முடிந்துபோனது, இனி அதை எண்ண முடியாது என்று அவரிடம் நான் சொல்லவில்லை.

நோட்டுகளை அவர்களிடமே விட்டுவிட்டேன், இந்த முறை படி எடுத்துக்கொண்ட பிறகு. ஆய்வேட்டில் ஒன்று துறை நூலகத்தில் இருக்கிறது, கேட்டால் தருவார்கள். பல் உதிராது.

மதிப்பெண் கேட்பீர்கள். ஐந்துக்கு நாலு. அந்த ஒன்று 112-ஆம் பக்கத்துக்காகக் குறைத்தது. சரிசெய்து கொடுத்தார் என்றாலும் முதலிலேயே பார்த்திருக்கவேண்டும். மற்றபடி ஞாயிறு விடுமுறை. மதியம் ஒன்றரையிலிருந்து மூன்று வரை சாப்பாட்டுக்குப் பூட்டியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கொடுத்தால் பசை காய நாளாகும், கையில் நேரம் வைத்துக்கொண்டு போங்கள். ஐந்து படிக்குக் குறைவாக இருந்தாலும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்வார். இடதுபக்கம் ஒன்றரை அங்குலம் விட்டிருக்கிறதா என்று வீட்டிலேயே ஸ்கேல் வைத்துப் பார்த்துவிடுங்கள். ஓரத்தில் ஏதாவது எழுதியிருந்தால் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டாலும் அவர் பார்த்துவிடுவார்.